கோவில்பட்டிக்குப் போன மூட்டைகள்

"வீட்டைக் கூட்டுத மாதிரி என் கேஸையும் கூட்டித் தள்ளிட்டியேட்டி. முப்பது வருஷத்து ஃபாக்டரி. ஒரே நாள்ல கூட்டித் தள்ளிட்டியே."

இதுதான் என் வீட்டுக்காரர் சொன்னது, டீச்சர். ஒரு எழுத்து மாற்றவில்லை. அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கூட்டாமல் போட்டிருந்தால் மட்டும் ஜெயித்துக் கிழித்திருப்பீர்களோ?" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கணக்கெடுப்புக்கு வருகிறவர்களுக்கு அவசரம் இருக்கும், தெரியும். இன்னும் நாற்பது வீடு இருக்கிறது என்றீர்கள். இந்தப் பக்கத்தில் நாற்பது வீடு எங்கே இருக்கிறது? எங்களைத் தாண்டினால் உப்பளம். அதற்குப் பிறகு துறைமுகத்து ரோடு. நாற்பது வீட்டுக்கு நீங்கள் லாரிக்குள்தான் தேட வேண்டும்.

வரும்போது ஒரு பெரிய கேட்டைப் பார்த்தீர்கள் அல்லவா, பச்சை நிறம்? அது எங்கள் ஃபாக்டரி. இப்போது கேட் மட்டும்தான் ஃபாக்டரி. உப்பு எடுத்த பிறகு பாத்தியில் ஒரு கசப்புத் தண்ணீர் மிஞ்சும். எல்லோரும் அதை வீண் என்று கடலுக்கே விட்டுவிடுவார்கள். இவர் அதிலிருந்து ஒரு வெள்ளைத் தூள் எடுத்தார். மெக்னீசியம் கார்பனேட். முகத்துக்குப் போடுகிற பவுடரிலும் போகும், ரப்பர் கம்பெனிக்கும் போகும். மாவைவிட லேசாக இருக்கும். கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு பிடி கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "டால்கம் பவுடர் மாதிரி இருக்கு, வாசம்தான் இல்லை" என்றேன். முகம் சுருங்கிப் போயிற்று. உண்மையைச் சொன்னால் இவர்களுக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் பெர்னதெத் எங்களுக்குப் பொய் சொல்லச் சொல்லித் தரவில்லை.

பெயரை உங்கள் போனில் எழுதிக்கொள்ளுங்கள். சுயம்புலிங்கம். வயது அறுபத்தொன்று. படிப்பு கெமிக்கல் எஞ்சினீயரிங். ஏன் எழுதாமல் பார்க்கிறீர்கள்? சரி, கேட்டுவிட்டே எழுதுங்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அதே தூள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர ஆரம்பித்தது. இந்த மொட்டைமாடியில் நின்றால் அது இறங்குவதே தெரியும். நம் ஊர்த் துறைமுகத்தில், நம் கண் முன்னால். அவர்கள் விற்கிற விலைக்கு இவரால் பாய்லருக்கு விறகுகூட வாங்க முடியாது. கேட்டால், அவர்கள் நாட்டில் அதே தூளை இதைவிட அதிக விலைக்கு விற்கிறார்களாம். நம்மிடம் மட்டும் குறைத்துக் கொட்டுகிறார்களாம். இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, டீச்சர். உங்களுக்குத் தெரிந்திருக்காது. அப்படிக் கொட்டினால் நம் அரசாங்கம் அந்தச் சரக்கின் மேல் தனி வரி போடலாம். ஆனால் சும்மா போடமாட்டார்கள். டெல்லியில் அதற்கென்று அதிகாரிகள், அதற்கென்று விசாரணை. அவன் விலையைக் குறைத்துக் கொட்டுகிறான் என்று காட்ட வேண்டும். அதனால் நாம் அடிபட்டோம் என்றும் காட்ட வேண்டும். விற்பனை குறைந்தது, ஆள் குறைந்தது, விற்காத சரக்கு தேங்கிக் கிடக்கிறது, எல்லாவற்றுக்கும் தாள். அதுவும் ஒரு ஆள் போய் அழுதால் எடுக்கமாட்டார்கள். நாட்டில் அந்தத் தூளைச் செய்கிறவர்களில் பாதிப் பங்காவது சேர்ந்து வர வேண்டும். குஜராத்தில் இரண்டு பேர், இங்கே இவர். மூன்று பேரும் சேர்ந்தார்கள். இவர் பங்குதான் பெரியது. இவர் இல்லாவிட்டால் பாதி தேறாது.

மனுவை எழுதிக் கொடுக்க டெல்லியில் ஒரு ஆலோசகர். அவர் எழுதி அனுப்பின இங்கிலீஷைப் பார்த்தீர்களானால் உங்களுக்கே கண்ணீர் வரும். ஒரு வாக்கியம் முக்கால் பக்கம். எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று டார்ச் அடித்துத் தேட வேண்டும். இவர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு முழித்தார். நான் ரசம் ஊற்ற வந்தவள், நின்று ஒரு பத்தி படித்தேன். "இது என்ன, யார் யாரை அடித்தார்கள் என்றே தெரியவில்லையே" என்றேன். சிவப்புப் பேனா எடுத்துவந்து திருத்தினேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. நாலு மாசம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபாக்டரியிலிருந்து வந்து, கையைக் கழுவிவிட்டு, மேசைக்கு வந்துவிடுவார். "ஏட்டி, இங்க வா. இந்த வரி சரியா இருக்கா பாரு." நான் பார்ப்பேன். "இதுக்கு வேற வார்த்தை இருக்கா?" இருக்கிறது என்பேன். இருபத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் இவர் என்னிடம் ஒரு விஷயம் கேட்டுத் தெரிந்துகொண்டது அந்த நாலு மாசம்தான். அதற்கு முன்னால் உப்பு குறைச்சல், தண்ணி வந்துதா, இவ்வளவுதான் பேச்சு. அபர்ணாவும் அப்போது நியூசிலாந்து போய்விட்டாள். எங்கள் மகள். மேசையில் ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் நான், நடுவில் தாள். காப்பி ஆறிப் போகும். சூடு பண்ணிக்கொண்டு வருவேன். மறுபடி ஆறிப் போகும். எனக்கு எரிச்சல்தான். சீரியல் எல்லாம் போயிற்று.

எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுக்க வேண்டும். ஒன்றில் உண்மையான எண்கள், அது அதிகாரிகளுக்கு மட்டும். இன்னொன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் எண்களை மறைத்துவிடுவார்கள். முதல் வருஷத்தை நூறு என்று வைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் எண்பத்து நாலு, அதற்கடுத்து அறுபத்தொன்று என்று போடுவார்கள். எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. குறைகிறது என்று மட்டும் தெரியும். எனக்கு அந்த இரண்டாவது பிரதி பிடித்திருந்தது. மரியாதையாக இருந்தது. மனுஷன் தன் கஷ்டத்தைச் சொல்வதென்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

விற்காத சரக்கு என்று ஒரு பகுதி வரும். அதை நான்தான் மூன்று தடவை திருத்தி எழுதினேன். எழுதி முடித்ததும் இவர் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கட்டி. படிச்சா எனக்கே என் மேல பாவமா இருக்கு" என்றார். அப்படி ஒரு நல்ல வார்த்தை.

எலுமிச்சை ஜூஸ் குடிக்கிறீர்களா? ஐஸ் போடவில்லை. குடியுங்கள், ஒன்றும் ஆகாது.

விசாரணை ஆரம்பித்துவிட்டது. அவர்கள் பக்கத்து வக்கீல்கள் பதில் போட்டார்கள், இவர் பதிலுக்குப் பதில் போட்டார். பிறகு ஒரு நாள் கடிதம் வந்தது. வருகிற வியாழக்கிழமை அதிகாரிகள் நேரில் வந்து, நாம் தாளில் எழுதினது உண்மைதானா என்று சரிபார்ப்பார்களாம். இவர் செவ்வாய்க்கிழமை ஆடிட்டரைக் கூட்டிவரச் சென்னைக்குப் போனார். வியாழக்கிழமை காலை ஃப்ளைட்டில் அதிகாரிகளோடு சேர்ந்து வந்துவிடுவேன் என்றார். போகும்போது வாசலில் நின்று, "ஆபீஸ் ரூம்ல ஒண்ணையும் தொட்டுராத" என்றார். நான் தொடவில்லை, டீச்சர். ஒரு குண்டூசியைக்கூட நகர்த்தவில்லை. அதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லிக்காட்ட முடியாது.

அவர் போன பிறகு வெளியே வந்து பார்க்கிறேன். என்ன பார்க்கிறேன்? மூட்டை. குடோன் நிரம்பி, ஷெட் நிரம்பி, தார்ப்பாய் போட்டு மூடி, இதோ இந்த வேப்பமரம் வரைக்கும் மூட்டை. இரண்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் டெல்லியிலிருந்து ஒருத்தர் வந்து பார்க்கப் போகிறார் என்ற கண்ணோடு பார்த்தது அன்றைக்குத்தான். தார்ப்பாயில் காக்கை எச்சம். ஒரு ஓரம் கிழிந்து வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கிறது. போன தை மாசம் இவருடைய தம்பி பெண்டாட்டி வந்திருந்தாள். காரை விட்டு இறங்கினதும் இறங்காததுமாக, "என்னக்கா, மூட்டை வீட்டுக்குள்ளயே குடிவந்துட்டு போல" என்றாள். அவள் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள். அவள் வாயில் நான் அதைக் கேட்டேன்.

காகிதத்தில் நஷ்டம் எழுதுவது வேறு. அதை வாசலில் கொட்டி வைத்து விருந்தாளியை வாருங்கள் என்று கூப்பிடுவது வேறு. எங்கள் அப்பாவுக்கு இரண்டு கடை முழுகிப் போனபோதுகூட எங்கள் வீட்டில் வந்தவர்களுக்குப் பூரி கிழங்குதான். யாருக்கும் தெரியாது. அப்படி வளர்ந்தவள் நான்.

என் தம்பி சந்தனகுமாருக்குக் கோவில்பட்டியில் மிளகாய் வற்றல் குடோன் இருக்கிறது. போன் போட்டேன். "யக்கா, பாதி குடோன் காலியாத்தான் கெடக்கு. லாரி அனுப்பட்டுமா?" என்றான். என் தம்பிக்கு ஒரு தடவை சொன்னால் போதும். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு இரண்டு லாரி வந்து நின்றது. நாலு நடை. இரண்டாயிரம் மூட்டை. சாயங்காலத்துக்குள் வேப்பமரத்தடி வெட்டவெளி.

மரியதாஸ் என்று சூப்பர்வைசர். அவர்தான் நடுவில் வந்து வந்து நின்றார். "அம்மா, மொதலாளிட்ட ஒரு வார்த்தை..." என்றார். "மொதலாளி ஆடிட்டரோட இருக்காங்க, தொந்தரவு பண்ணாதீங்க" என்றேன். "இல்லம்மா, ரிஜிஸ்டர்ல..." என்று இழுத்தார். "மரியதாஸ், ரிஜிஸ்டர் ஆபீஸ் ரூமில் இருக்கிறது. ஆபீஸ் ரூமை யாரும் தொடக்கூடாது. தெரியும்ல?" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே போனார். முப்பது வருஷம் வேலை பார்க்கிற மனுஷன், ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. இழுக்கத்தான் தெரிகிறது. அவர் அன்றைக்கு முழு வாக்கியமாகப் பேசியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தேன். ஷெட்டைக் கழுவிவிட்டேன். சுண்ணாம்பும் அடித்தாயிற்று. நல்ல பேக்கரியில் மக்ரூன் இரண்டு கிலோ சொல்லி வைத்தேன். வருகிறவர்கள் சைவமா அசைவமா என்று தெரியாததால் இரண்டு சமையல்.

வந்தது ஒரு அம்மா, மிஸஸ் குல்கர்னி, கூட ஒரு அதிகாரி. அந்த அம்மா கஞ்சி போட்ட காட்டன் சேலை, நரைத்த தலை, நறுக்கென்று பேச்சு. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. வெயிலுக்கு முதலில் வீட்டில் உட்காருங்கள் என்று கூட்டிவந்து மக்ரூன் வைத்தேன். இவரும் ஆடிட்டரும் தாள்களை எடுக்க, அக்கம்பக்கம்கூடப் பார்க்காமல், நேராக ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தோம். எத்தனை வருஷம் கழித்து என் இங்கிலீஷுக்குப் பதில் இங்கிலீஷ் கிடைத்தது, டீச்சர். என்ன படித்தீர்கள் என்று கேட்டார். மகள் எங்கே என்று கேட்டார். வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேட்டார். "கடவுள் புண்ணியத்தில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்றேன். வேறு என்ன சொல்வது? நீங்கள் ஒரு வீட்டுக்குப் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், அவர்கள் புண்ணை அவிழ்த்தா காட்டுவார்கள்? அந்த அம்மா சின்ன நோட்டில் ஏதோ எழுதினார். மக்ரூன் செய்முறையை எழுதுகிறார் என்று நினைத்தேன். அதற்குச் சற்று முன்புதான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு குடோனுக்குப் போனார்கள். நான் தட்டோடு பின்னாலேயே போனேன். ரிஜிஸ்டரில் மூவாயிரத்து நூறு மூட்டை. மனுவிலும் அதுதான். கூட வந்த அதிகாரி எண்ணினார். ஆயிரத்து நூறு. மறுபடி எண்ணினார். ஆயிரத்து நூறு. இவர் வெளியே வந்து வேப்பமரத்தடியைப் பார்த்தார். மூட்டை இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெள்ளையாக இருந்தது. எவ்வளவு கழுவியும் அது போகவில்லை. பிறகு கேட்டைப் பார்த்தார். பெயின்ட் காய்ந்திருக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

நான்தான் சொன்னேன். இங்கிலீஷில், தெளிவாக. இடம் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று நான்தான் வேறு இடத்துக்கு அனுப்பினேன் என்றேன். மிஸஸ் குல்கர்னி ரொம்ப மரியாதையாக, "அனுப்பினதற்கு டெலிவரி சலான் இருக்கிறதா?" என்று கேட்டார். தம்பி லாரிக்கு யார் சலான் போடுவார்கள்? "வாருங்கள், கோவில்பட்டிக்கு இப்போதே போய்க் காட்டுகிறேன், ஒன்றரை மணி நேரம்தான்" என்றேன். அந்த அம்மா இவரைப் பார்த்தார். இவர் ரிஜிஸ்டரை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், டீச்சர். சலான் இல்லாமல் போன சரக்கை விற்ற சரக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசினால் என்ன? "என் மனைவிதான் மனுவையே எழுதினாள், அவள் பொய் சொல்லமாட்டாள்" என்று ஒரு வார்த்தை.

மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு சமையலும் மிஞ்சியது.

ஐந்து மாசம் கழித்து உத்தரவு வந்தது. நல்ல இங்கிலீஷ். நான் திருத்த ஒன்றுமே இல்லை. இந்த மனுதாரரின் விவரங்களை நேரில் சரிபார்க்க முடியவில்லை, ஆகவே ஏற்க முடியாது. அவரை விலக்கினால் மீதி இரண்டு பேரும் சேர்ந்து பாதிப் பங்குக்கு வரவில்லை. ஆகவே விசாரணை முடித்துவைக்கப்படுகிறது. அவ்வளவுதான். கொட்டினவன் கொட்டினானா இல்லையா என்று யாரும் பார்க்கவே இல்லை.

அன்றைக்குத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். கூட்டித் தள்ளிட்டியே என்று. அதற்கு முன்னால் அந்த ஐந்து மாசமும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கும் பேச ஏதாவது இருந்திருக்கும்.

மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்தோம். எல்லாம் வற்றல் நெடி. பவுடர் கம்பெனிக்காரன் திறந்து பார்த்துத் தும்மிவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டான். சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். இவர்கூட அன்றைக்கு லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

ஆடி மாசம் பாய்லரை நிறுத்தினார். மரியதாஸ் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஆவணியில் இவர் குஜராத் போனார். கூட மனு போட்ட இரண்டு பேரில் ஒருத்தர், அவரும் தயாரிப்பை விட்டுவிட்டு இப்போது அதே கப்பல் தூளை இறக்கி விற்கிறார். அவருக்கு இவர் தரம் பார்த்துச் சொல்கிறார். எந்தத் தூளுக்கு எதிராக நாலு மாசம் எழுதினோமோ அதை மாதிரி எடுத்து, கையில் வைத்துப் பார்த்து, நல்லா இருக்கு என்று கையெழுத்துப் போடுகிறார். நீயும் வா என்று சொல்லவில்லை. வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை. கேட்டை யார் பார்ப்பது?

நானும் சும்மா இருக்கவில்லை. டெல்லிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம். மூட்டை எங்கே போனது, ஏன் போனது, எத்தனை நடை, லாரி நம்பர் எல்லாம். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் எழுதினதில்லை. கெடு முடிந்த பிறகு வந்ததால் கோப்பில் சேர்க்க இயலாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்தக் கடிதத்தின் நகலை இவருக்கும் அனுப்பினேன். கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது என்றார். அவ்வளவுதான். படித்தாரா, எங்கேயாவது வார்த்தை மாற்ற வேண்டுமா, ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேசுவார். பத்தரைக்கு. "தண்ணி வந்துதா?" வந்தது. "கேட்டைப் பூட்டுனியா?" பூட்டினேன். "சரி." வைத்துவிடுவார். இரண்டு வருஷமாகிறது. நடுவில் ஒரு தடவை அவருடைய தம்பி மகள் கல்யாணத்துக்கு வந்தார். தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டார். மண்டபத்துக்கு அது பக்கமாம்.

இவ்வளவுதான் விஷயம். இப்போது எழுதுங்கள். சுயம்புலிங்கம், குடும்பத் தலைவர். சுகந்தி, மனைவி. இரண்டு பேர்.

என்ன? ஆறு மாசத்துக்கு மேல் இங்கே இல்லாதவரைப் போடக் கூடாதா? யார் சொன்னது? அது உங்கள் விதிப் புத்தகம். அவர் இல்லை என்று நான் சொல்லவில்லையே, வேலைக்குப் போயிருக்கிறார் என்றுதானே சொன்னேன். எல்லா வீட்டிலும் ஆம்பிளை வேலைக்குப் போகத்தான் செய்வான். கொடியில் பாருங்கள், அந்தக் கோடு போட்ட சட்டை அவருடையதுதான். இன்றைக்குக் காலையில் துவைத்துக் காயப்போட்டேன். நீங்கள் இன்றைக்கு இந்தத் தெருவுக்கு வருவீர்கள் என்று நேற்றே கார்ப்பரேஷன் ஆள் சொல்லிவிட்டுப் போனான். குளியலறையில் பிளேடு, பிரஷ் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். செருப்பு வாசலில் இருக்கிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள். வாருங்கள், காட்டுகிறேன். நேரில் பார்த்தே எழுதுங்கள்.

போனை ஏன் பைக்குள் வைக்கிறீர்கள்? ஜூஸ் அப்படியே இருக்கிறது. யாரும் வந்து மூட்டை எண்ணப் போவதில்லை, டீச்சர். நீங்கள் எழுதினால் எழுதினதுதான். ஒன்று என்று போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரு நிமிஷம் நில்லுங்கள். இரண்டு என்று போடுங்கள்.

டீச்சர். இரண்டு என்று போட்டுவிட்டுப் போங்கள்.